கத்தரிக்கு ஆறு புருஷன்

எங்கள் தெருத் தையல்காரிக்கு ஒரு காலத்தில் ஆறு புருஷன்மார் இருந்தார்கள். இதை நான் சொல்லவில்லை, பேங்க் கம்ப்யூட்டர் சொன்னது. அந்த ஆறு பேரில் ஒருவன் என் மகன். ஆகவே இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் இப்போதே சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே எழுதட்டும், சொன்னதை மாற்றாமல் எழுதினால் எனக்குப் போதும்.

தையல்காரிக்குத் தெருவில் கத்தரி என்று பேர். கையில் எப்போதும் கத்தரி இருப்பதால் வந்த பேர் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளோடு ஒரு தடவையாவது பேசிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கால் தெருவுக்கு வந்துவிடுகிற அளவில் அவள் கடை. பின்பக்க ஜன்னல் வெளிச்சத்துக்காக மிஷினைத் திருப்பிப் போட்டிருப்பாள். அதனால் வருகிறவர்கள் அவள் முதுகோடுதான் பேசவேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டே, "என்னக்கா, நேத்து வீட்ல சண்டையா, குரல் கம்மியிருக்கு?" என்று கேட்பாள். அளவு எடுக்க வேண்டுமென்றால்தான் திரும்புவாள். திரும்பினால் ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போன தடவையைவிட ரெண்டு விரக்கடை கூடியிருக்கீங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடி திரும்பிக்கொள்வாள்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது. அவளுடைய அப்பா கட்டிலோடு கிடந்த வருஷங்களில் அவள்தான் மிஷினை அந்தக் கட்டில் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் அவர் மேலும் வைத்துத் தைத்தாள். அப்போது பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. ஒருவனைப் பற்றி என்னிடம் சொன்னாள்: "பெரியம்மா, அந்தாளுக்கு வலது தோள் இறங்கியிருக்கு. வாழ்க்கை பூரா ஒரு பக்கம் பஞ்சு வெச்சுத் தெச்சுக்கிட்டே இருக்கணும்." இன்னொருவன் வந்தான், நல்ல வேலை, நேரான தோள்தான். அவனையும் அனுப்பிவிட்டாள்.

"இவனுக்கு என்னடி குறை?"

"மிஷினைப் பாத்து, இது வித்தா எவ்வளவுக்குப் போகும்னு கேக்கறான். என்னைப் பாத்துக் கேட்டிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன்."

அப்பா போனபின் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அவளும் அதை ஒரு தொல்லை விட்டதாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. சட்டைக்குத் துணி கொடுத்தால், சட்டையோடு கூட வெட்டியதில் விழுந்த துண்டுகளையும் ஒரு முடிச்சாகக் கட்டித் திருப்பித் தருவாள். விரல் அகலத் துண்டுகூட அதில் இருக்கும். உலகத்தில் எந்தத் தையல்காரர் அப்படிச் செய்கிறார்? அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய என்று நான் கேட்டதற்கு, "அது உங்க கவலை. உங்க துணி உங்க வீட்டுக்குப் போகணும், அது என் கவலை" என்றாள். இந்த வழக்கம்தான் பின்னால் அவளை ஆறு பேருக்கு மனைவியாக்கிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

என் மகன் வெளிநாட்டில் ஏசி பழுது பார்க்கிற வேலையில் இருந்தான். அவன் அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டில்கள், ஒரு ஜன்னல். ஆறு பேருமே எங்கள் பக்கத்து ஆட்கள், ஒருவர் கைகாட்டி ஒருவர் போனவர்கள். மாதம் பிறந்தால் ஆறு பேரும் தனித்தனியாக வீட்டுக்குப் பணம் அனுப்புவார்கள். அந்தப் பணம் ஊர் வந்து சேர்கிற பாட்டைச் சொன்னால் தீராது. அனுப்புகிற கடையில் ஒரு கடி. அவர்கள் காசை நம் காசாக மாற்றுகிற ரேட்டிலே, வெளியே தெரியாமல் ஒரு கடி. நடுவில் முகம் தெரியாத ஒரு பேங்க், அதற்கு ஒரு கடி. இங்கே வந்து இறங்கியதும், இறங்கியதற்கு ஒரு கடி. வழியில் நிற்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு வாய் கடித்துவிட்டுக் கொடுத்த பழம் மாதிரிதான் என் கைக்கு வந்து சேரும். அதிலும் வேடிக்கை, கொஞ்சமாக அனுப்பினாலும் நிறைய அனுப்பினாலும் கடையில் வாங்குகிற சார்ஜ் ஒன்றேதான். சின்னப் பணத்தைத்தான் பெரிதாகக் கடித்தார்கள்.

அந்த அறையில் ஒருவர் இருந்தார். கம்பெனி சமையற்கூடத்தில் சமையல்காரர், நாற்பதைத் தாண்டியவர், தனி ஆள். ஊரில் அம்மா மட்டும். அவருக்கு அறைக்காரர்கள் வைத்த பேர் மிச்சம். சோப்பு தேய்ந்து சில்லாகிவிட்டால் அதை அடுத்த சோப்பின் முதுகில் ஒட்டவைத்துவிடுவாராம். பணம் அனுப்புகிற நாளில் ஒரு கடையில் ரேட் கேட்டு, அதைவிட ஒரு துளி கூடக் கொடுக்கிற கடையைத் தேடி நகரத்தின் மறுகோடிவரை நடந்தே போவாராம். ரேட்டில் பிடித்த காசு செருப்புத் தேய்ந்ததில் போயிற்று என்று என் மகன் கேலி செய்வான். அவர் சளைக்க மாட்டார். "செருப்பு எப்படியும் தேயும் தம்பி" என்பாராம்.

ஒருநாள் அந்த மிச்சம்தான் கண்டுபிடித்தார். "ஆறு பேரும் ஏன் ஆறு தடவை சார்ஜ் கட்டணும்? எல்லாப் பணத்தையும் ஒண்ணாப் போட்டு ஊர்ல ஒரே ஆளுக்கு அனுப்புவோம். சார்ஜ் ஒண்ணு. அங்க அவங்க பிரிச்சுக் குடுக்கட்டும்."

நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒரே ஆள் யார்? இங்கே ஆறு வீட்டிலும் சண்டை. கிரேன் ஓட்டுகிறவருடைய மனைவி பெயரைச் சொன்னால் வெல்டர் மனைவிக்கு ஆகாது. வெல்டர் மனைவி என்றால் மற்ற நாலு பேருக்கும் ஆகாது. என்னிடம் அனுப்பலாம் என்று நானே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மனக்குறை எனக்கு இன்றும் உண்டு, அதையும் எழுதிவிடு. கடைசியில் யாரோ சொன்னார்கள்: வெட்டின துண்டுத் துணியையே திருப்பிக் கொடுக்கிறவள் பணத்தில் கை வைப்பாளா? உடனே ஆறு வீடும் வாயை மூடிக்கொண்டது.

நாங்கள் எல்லோரும் அவள் கடை வாசலில் நின்றோம். அவள் மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். "ஆறு வீட்டுச் சண்டையும் என் வாசல்ல வந்து விடியும். எனக்கு என்ன கூலி?"

மிச்சம் போனில் காத்திருந்தார். என் மகன் வாங்கிக் கொடுத்த போன் என் கையில்தான் இருந்தது, சத்தமாகப் பேசுகிற பொத்தானை அமுக்கி வைத்திருந்தேன். "கூலி குடுத்தா அதுவும் சார்ஜ் கணக்குல சேந்துடும்ங்க" என்றார் அவர்.

கத்தரி சிரித்துவிட்டாள். ஓடுகிற மிஷின் பாதித் தையலில் நின்று நான் பார்த்தது அன்றுதான். ஆறு வீடும் இனிமேல் அவளிடம்தான் தைக்கவேண்டும் என்று பேசி முடித்தோம்.

அவள் ஆறு சுருக்குப் பை தைத்தாள். எந்த வீட்டுக்கு எந்தப் பை என்று பார்த்த உடனே தெரியவேண்டும், என்னைப் போல் படிக்காதவர்களும் இருக்கிறார்கள் அல்லவா. அந்தந்த வீட்டுத் துணித் துண்டிலேயே அந்தந்த வீட்டுப் பை. எனக்கு என் பச்சைத் திரைச்சீலை. வெல்டர் வீட்டுக்குப் பள்ளிக்கூடச் சீருடைக் கட்டம். பணம் வந்த அன்று வெட்டுகிற மேசையில் ஆறு பையும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மிச்சம் போனில் கணக்குச் சொல்லுவார், யார் எவ்வளவு போட்டார்கள், சார்ஜில் யார் பங்கு எவ்வளவு என்று. அவள் பிரித்துப் போடுவாள். சார்ஜை ஆறாகப் பங்கு போட்டதில் நாலு காசு உதிரியாக நின்றால், "அது என் தலையில போட்டுடுங்க" என்பார். ஒரு காசுக்குச் செருப்பைத் தேய்க்கிற மனுஷன்!

கணக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சட்டைக்கு நாலு பொத்தான் வைக்கிற நேரம். என் மகன் போன் செய்தால், பக்கத்திலிருந்து இந்த மிச்சம், "தம்பி, காசு ஓடுது, காசு ஓடுது" என்று கத்துவார். காசில்லாமல் பேசுகிற போன் எல்லாம் அப்போதே வந்துவிட்டது. அவருடைய பழைய போனில் அது வராது, அந்த போனை அவர் மாற்றவும் மாட்டார். அப்படிப்பட்டவர் கத்தரியிடம் கணக்குச் சொல்லி முடித்தபிறகும் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு சட்டை முழுக்க ஓரம் அடித்து முடிப்பாள். நான் கேட்டால், "உதிரிக் காசுல ஒரு சந்தேகம் பெரியம்மா" என்பாள். மாதாமாதம் அதே சந்தேகம்.

நடுவில் மிச்சத்தின் அம்மா காலமானார். அவர் வீட்டுப் பையை வாங்கிப்போக ஆள் இல்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அவள் அந்தப் பணத்தை மட்டும் பிரிக்காமல், அப்படியே அவருக்கென்று பேங்கில் விட்டுவைத்தாள்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கிரேன் ஓட்டுகிறவர் பேரில் ஒரே சார்ஜில் பணம் வரும், பிரிப்போம், சண்டை போடாமல் வீட்டுக்குப் போவோம். கெடுத்தது ஒரு புதுக் கடை. அவர்கள் அறைக்குப் பக்கத்திலேயே பணம் அனுப்புகிற கடை ஒன்று திறந்தார்கள். முதல் தடவை அனுப்புகிறவர்களுக்குச் சார்ஜே கிடையாது என்று வாசலில் எழுதிப்போட்டார்கள். அதைப் படித்த மிச்சத்துக்குத் தூக்கம் போயிற்று. ஒரு ஆளுக்கு முதல் தடவை ஒன்றுதான். ஆறு ஆளுக்கு ஆறு முதல் தடவை! மாதம் ஒருவர் பேரில் அனுப்பினால் அரை வருஷம் சார்ஜே இல்லாமல் ஓட்டிவிடலாம்.

அந்தக் கடையில், பணம் வாங்குகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். தெரிந்தவர் என்றால் எதற்கு அனுப்புகிறாய், ரசீது எங்கே, கடிதம் எங்கே என்று ஆயிரம் கேள்வி. மனைவி என்றால் ஒரு கேள்வியும் கிடையாது. மிச்சம் அறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்: "மனைவின்னு போட்டுடுங்க."

போட்டார்கள். மாதம் ஒருவராகப் போட்டார்கள். கடைசி முறை மிச்சத்தினுடையது. அந்த மாதம் பணம் வரவில்லை.

அந்த மாதம்தானா வராமல் போகவேண்டும்? என் மருமகள் நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும், அடுத்த வாரம் முன்பணம் கட்டிவிட்டுச் சேர்த்துவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என் பச்சைப் பையில் துணியைத் தவிர ஒன்றுமில்லை. கத்தரி தன் கையிலிருந்ததைக் கொடுத்தாள், போதவில்லை. மிச்சத்துக்கென்று தன் கணக்கில் விட்டுவைத்ததை எடுத்துத் தருகிறேன் என்று பேங்குக்குப் போனாள். கணக்கையே பூட்டிவிட்டார்கள், மேனேஜரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். மேனேஜர் மூக்குக்கண்ணாடி போட்ட இளம்பெண். அறைக்குக் கண்ணாடிச் சுவர், கதவு சரியாகச் சாத்தாது.

"உக்காருங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"நான் பணத்தைப் பத்திக் கேக்க வந்தேன் மேடம்."

"நானும் அதைத்தான் கேக்கறேன்."

"ஆகல."

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆகல. ஆனா உங்க வீட்டுக்காரர் பணம் அனுப்பியிருக்கார்."

"எந்த வீட்டுக்காரர்?"

"அதான் எனக்கும் புரியல. இந்த மாசம் ஒருத்தர். போன மாசம் வேற ஒருத்தர். அதுக்கு முந்தி இன்னொருத்தர். மொத்தம் ஆறு பேர், ஆறு பேரும் உங்களை மனைவின்னு போட்டிருக்காங்க."

வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வாசலில் இருந்த காவல்காரர் எதையோ துடைக்கிற மாதிரி கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

கத்தரி கொஞ்சமும் அசரவில்லை. "மாசத்துக்கு ஒருத்தர்தானே மேடம். எல்லாரும் ஒண்ணா இல்லையே."

"அஞ்சு பேர் வரைக்கும் கம்ப்யூட்டர் விட்டுடுச்சு. ஆறாவது ஆள் வந்ததும் நிறுத்திடுச்சு."

"பொறுமைசாலிதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அதுல ஒருத்தன் என் மகன்மா. அவனுக்குப் பொண்டாட்டி வீட்ல நெறமாசமா இருக்கா" என்றேன், உதவியாக இருக்கட்டும் என்று.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது இன்னும் மோசம்மா" என்றார்.

நாங்கள் மாற்றி மாற்றிப் பேசி எல்லாவற்றையும் சொன்னோம். பொறுமையாகத்தான் கேட்டார். "இது குடும்பச் செலவுப் பணம்தான்னு எனக்குப் புரியுது. ஆனா நான் புரிஞ்சுக்கிட்டாப் போதாது, தாள் வேணும். இந்த ஆறு பேரும் நெஜமாவே யாரோட வீட்டுக்காரர்னு சம்பந்தப்பட்டவங்க அத்தாட்சியோட வந்து எழுதிக் குடுக்கட்டும். ஆறு பேரைப் பத்தியும் வேணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் பணம் வந்த வழியே திரும்பிப் போயிடும்."

"திரும்பிப் போனா சார்ஜ் உண்டா?" என்று கேட்டாள் கத்தரி.

"உண்டு."

"வந்தாலும் சார்ஜ், வராம போனாலும் சார்ஜா?"

மேனேஜர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்கும் அது நியாயமாகப் படவில்லை என்று எனக்குத் தோன்றியது.

பேங்க் வாசலிலிருந்தே மிச்சத்துக்கு போன் போட்டாள். "யாரைக் கேட்டு என்னை ஆறு பேருக்குக் கட்டிக் குடுத்தீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "சார்ஜ் இல்லாம முடிஞ்சுதுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் கடையில் ஐந்து வீட்டுப் பெண்களும் கூடினோம். நடந்ததைக் கேட்டதும் கிரேன்காரர் மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "எனக்கு அனுப்பின காலத்துல 'குடும்பம்'னுதான் போடுவார். ஒரு தடவைகூட மனைவின்னு போட்டதில்ல. இவளுக்கு மட்டும் மனைவியாம்!"

"என்கிட்ட எதுக்குக் கோவப்படறே?" என்றாள் கத்தரி. "வேணும்னா நீயே வெச்சுக்க. நான் ஒரு மாசம்தான் வெச்சிருந்தேன், புதுசாத்தான் இருக்கார்."

வெல்டர் மனைவி சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த பொத்தான் டப்பா கவிழ்ந்தது. நானும் என் பங்குக்கு, "என் மகனுக்கு நெஜமாவே உன்னைக் கட்டி வெச்சிருந்தா தையல் கூலியாவது மிஞ்சியிருக்கும்" என்றேன். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பேங்குக்குப் போனோம், மருமகளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிக்கொண்டு. காணாமல் போன குடையை அடையாளம் சொல்லி வாங்குகிற இடம் மாதிரி இருந்தது மேனேஜர் அறை. ஒவ்வொருத்தியாகப் போய்த் தன் புருஷனைத் திரும்பக் கேட்டாள். மூன்று பேரிடம் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இருந்தது. கிரேன்காரர் மனைவி, "இவர் என்னுடைய கணவர், வேறு யாருக்கும் இல்லை" என்று ஒரு வரி தானாகவே சேர்த்து எழுதிக் கொடுத்தாள். வெல்டர் மனைவியிடம் அடையாள அட்டையும் கல்யாணப் போட்டோவும்தான். மேனேஜர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவர் கண்ணை மூடிட்டிருக்காரே?"

"இன்னிக்கும் அப்படித்தான் மேடம்."

என் மருமகள் நாற்காலியில் உட்காரவே சிரமப்பட்டாள். அவளைப் பார்த்ததும் மேனேஜர், "இவங்களுக்கு வேற அத்தாட்சி வேணாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஐந்து பேர் முடிந்தது. மேனேஜர் ஆறாவது தாளை எடுத்தார்.

"சமையல்காரர். இவரை யார் கேக்கறீங்க?"

யாரும் கேட்கவில்லை.

"அவருக்கு யாருமில்ல மேடம்" என்றேன். "அம்மா இருந்தாங்க, போயிட்டாங்க."

"இந்த மாசம் நின்னு போயிருக்கற பணம் இவர் பேர்லதான் இருக்கு. இவரை முடிக்காம எதையும் விட முடியாது." மேனேஜர் கத்தரி பக்கம் திரும்பினார். "இவர் உங்களுக்கு யாரு?"

கத்தரிக்கு வாய் வரவில்லை. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அந்த வாய்க்குச் சொல் பஞ்சம் வந்ததே கிடையாது. மேசை விளிம்பில் விரலை வைத்து, துணி மடிப்பை நீவிவிடுகிற மாதிரி நீவிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் மேனேஜர். "இவர் எனக்கு யாருமில்ல, தெரிஞ்சவர்தான், கடையில தப்பாப் போட்டுட்டாங்கன்னு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுங்க, இப்பவே முடிச்சிடலாம். இல்ல, போட்டிருக்கறது சரிதான்னா அதை எழுதிக் குடுங்க, சான்றிதழை அப்புறம் கொண்டு வந்து காட்டணும். ரெண்டுல எதுன்னாலும் பணம் வந்துடும்."

"எதுக்காவது காசு கட்டணுமாம்மா?" என்று நான் கேட்டு வைத்தேன். பேங்கில் எதைக் கேட்காவிட்டாலும் அதைக் கேட்டுவிட வேண்டும்.

"ரெண்டுக்குமே ஒண்ணும் கட்ட வேணாம்."

கத்தரி எழுந்து, "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனாள். நானும் போனேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று நம்பரை அழுத்தினாள். நான் செருப்பில் கல் புகுந்த மாதிரி பக்கத்தில் குனிந்துகொண்டேன். அவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பக்கம் பேசுவதும் எனக்குக் கேட்டது. சமையற்கூட இரைச்சலில் வேலை செய்கிறவர், எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார்.

"நாந்தான். பேங்க்ல இருக்கேன். அஞ்சு பேர் அவங்கவங்க வீட்டுக்குப் போயாச்சு. நீங்கதான் பாக்கி."

"என்ன செய்யணும்ங்க?"

"நீங்க எனக்கு யாருமில்லன்னு எழுதிக் குடுக்கணுமாம். இல்லேன்னா நீங்க போட்டதை அப்படியே விட்டுடணுமாம், அப்புறமா சான்றிதழ் வாங்கிக் காட்டணுமாம்."

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. காசு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"ரெண்டுல எதுக்குச் சார்ஜ் கம்மி?"

கத்தரி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"யாருமில்லன்னு எழுதினா அபராதம் போடுவாங்களாம்" என்றாள். "நெறைய வருமாம்."

"அடடா. அப்ப எதுக்குங்க வீண் செலவு? போட்டது போட்டபடியே இருக்கட்டுமே."

"சரி" என்று போனை வைத்துவிட்டு, அவள் உள்ளே போனாள். நான் வேகமாக நடந்தும் அவளைப் பிடிக்க முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "போட்டது சரிதான் மேடம். தேதிதான் கொஞ்சம் முந்திடுச்சு."

மேனேஜர் தாளை நீட்டினார். அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "ஆறு பேர்ல அஞ்சு பேரை ஒரே நாள்ல அனுப்பிட்டீங்க. எனக்கு இருக்கற ஒருத்தரையே சமாளிக்க முடியல" என்று மேனேஜர் சொன்னபோது, வெளியே நின்ற காவல்காரர் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நாளுக்கு முன்பே பணம் வந்தது. எனக்கு மற்ற வீடுகளுக்கு முன்னால் பை வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். குறுக்கே கிடந்த பிள்ளையை நல்லபடியாக எடுத்தார்கள். அது வளர்ந்து இப்போது நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிறது, இன்றும் எது சொன்னாலும் குறுக்கேதான் பேசும்.

மிச்சம் விடுமுறைக்கு வந்தார். அதுவரை அவருடைய குரலைத்தான் கேட்டிருந்தேன். ஒல்லியான மனுஷன், தேய்ந்த செருப்பு, நேரான தோள். கத்தரி கடை வாசலில் வந்து நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல், "உதிரிக் காசு எவ்வளவு நிக்குதுங்க?" என்று கேட்டார். அவள் மிஷினை விட்டு எழுந்து அவருக்குச் சட்டை அளவு எடுத்தாள். கழுத்தளவு எடுக்க மட்டும் ஒரு சட்டை தைக்கிற நேரம் ஆயிற்று. பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டபோது நானும் சாட்சி. எனக்குக் கையெழுத்து வராது, கட்டைவிரல்தான். சான்றிதழ் ஒரு நகல் போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்டார்கள். "ஒண்ணு" என்றார் அவர். "ரெண்டு" என்றாள் அவள். இரண்டு வாங்கினார்கள்.

எனக்கு அந்த அபராத விஷயம் நெஞ்சிலேயே நின்றது. நல்ல மனுஷனை இப்படி ஏமாற்றலாமா? ஒருநாள் அவள் பொத்தானும் நூலும் வாங்கப் போயிருந்த நேரம், அவர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா, ஒண்ணு சொல்றேன், சண்டை போடக் கூடாது. அன்னிக்கு அபராதம்னு சொன்னாளே, அது பொய். ரெண்டுக்குமே காசு கிடையாது. நான் கூடவே இருந்தேன்."

அவர் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"தெரியும் பெரியம்மா. ஒரு ரேட்டுக்கு ஒம்பது கடை ஏறி எறங்கறவன் நான். அபராதம் எவ்வளவுன்னு கேக்காம இருப்பேனா? அன்னிக்கே உங்க பேங்குக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். அந்த மேடம் வர்றவரைக்கும் லைன்லயே நின்னேன்."

"வெளிநாட்டிலேர்ந்தா? நெறைய ஆகியிருக்குமே!"

"ஆச்சு."

"தெரிஞ்சும் ஏன்ப்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா," என்றார் மிச்சம், குரலை இன்னும் இறக்கிக்கொண்டு, "அவங்க ரோஷத்துல நேராப் போய் மாத்தி எழுதிக் குடுத்துட்டு வந்திருப்பாங்க."